ஈரலா, கிழங்கா, கேழ்வரகு பிஸ்கட்டா: நாய்க்கு வீட்டில் எதைச் செய்யலாம்?

டீக்கடை வாசலில் நிற்கும் நாய்க்குப் பொறை வாங்கிப் போடுவது நம் ஊரில் வெகு நாளைய பழக்கம். வீட்டு நாய்க்கு அந்த இடத்தில் மேரி பிஸ்கட். இரண்டிலும் பிரதானம் மைதாவும் சர்க்கரையும்தான். இது வேண்டாம், நாமே ஏதாவது செய்து கொடுப்போம் என்று இறங்குபவர்கள் முன்னால் மூன்று வழிகள் உண்டு: கேழ்வரகு பிஸ்கட், காயவைத்த சக்கரவள்ளிக் கிழங்கு, கோழி ஈரல். என் ஓட்டு ஈரலுக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டாகப் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். ட்ரீட்டுக்கு மிஞ்சுவது 60. நடுத்தர அளவு கேழ்வரகு பிஸ்கட் இரண்டு போட்டாலே அது தீர்ந்துவிடும். சக்கரவள்ளி என்றால் பச்சையாக 70 கிராம். காய்ந்தபின் அது ஒரு கைப்பிடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும், கலோரி மட்டும் அப்படியே இருக்கும். வேகவைத்த ஈரலில் 35 கிராம். அதைப் பட்டாணி அளவில் நறுக்கிப் பாருங்கள், அறுபது துண்டுக்குக் குறையாது. பழக்கும்போது நாய்க்கு வேண்டியது அடிக்கடி கிடைக்கும் பரிசு. துண்டு சின்னதாக இருக்கிறதே என்று அது வருத்தப்படுவதில்லை.

கேழ்வரகு பிஸ்கட் செய்ய எளிது. ஒரு கப் மாவு, அரை கப் மசித்த பரங்கிக்காய், ஒரு முட்டை. பிசைந்து, தட்டி, ஓவனில் மொறுமொறுப்பாகும் வரை வைத்தால் போதும். ஈரமில்லாமல் சுட்டு டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாங்கும், பயணத்துக்குச் சௌகரியம். ஆனால் வாசனை போதாது. எதிரே இன்னொரு நாய் வரும்போது உங்கள் கையிலிருக்கும் பிஸ்கட்டை அது ஏறெடுத்தும் பார்க்காது. அதைவிட எனக்குப் பெரிய கவலை, ருசிக்காக நாம் சேர்க்கும் சாமான்கள். வெல்லம் தேவையே இல்லை. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒன்றிரண்டுதானே என்று கூடப் போடக் கூடாது. கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வறுத்து அரைப்பதானாலும் பூசணம் பிடித்த, சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு நாயின் ஈரலைத் தாக்கும்.

சக்கரவள்ளியின் வேலையே வேறு. அது பழக்குவதற்கானது அல்ல, மெல்லுவதற்கானது. செருப்பையும் சோபாவையும் கடிக்கும் இளம் நாய்க்கு இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை. நீளவாக்கில் விரலில் பாதி கனத்துக்கு வெட்டி, ஓவனில் 100 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டரை, மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டுக் காயவிடுங்கள். தோல் மாதிரி வளைய வேண்டும், நறுக்கென்று ஒடியக் கூடாது. மாடியில் வெயிலில் காயவைக்கலாமே என்று கேட்பார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரின் ஈரக் காற்றில் உள்ளே காய்வதற்குள் பூசணம் வந்துவிடலாம். சர்க்கரை நோயோ, ஆக்சலேட் வகைச் சிறுநீர்க் கல்லோ உள்ள நாய்க்கு இது ஆகாது.

சரி, ஈரல். கறிக்கடையில் கால் கிலோ கோழி ஈரல் வாங்குங்கள்; மூன்று வழிகளில் ஓவன் இல்லாமலே முடிவது இது ஒன்றுதான். ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். பித்தப்பை ஒட்டியிருந்த இடம் பச்சையாகக் கறை படிந்திருக்கும். அதை வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்ததும் ஆறவைத்து நறுக்கி, அடி கனமான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் புரட்டிக்கொண்டே இருங்கள். ஒரு துண்டைப் பிட்டால் உள்ளே ஈரம் தெரியக் கூடாது, கையில் பிசுபிசுக்கக் கூடாது. முதலில் வேகவைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். பச்சையாக மெல்லிய சூட்டில் உலர்த்தினால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பிழைத்துக்கொள்ளும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இரவுச் சோற்றில் இரண்டு கரண்டி விட்டால் தட்டு காலி. ஈரல் துண்டுகள் ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கும். மீதியைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

குறையும் உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். நாள் தவறாமல் நிறையக் கொடுத்தால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தாமிரமும் அதிகம் என்பதால் ஈரல் நோய் உள்ள நாய்க்குத் தவிர்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் ஈரல், மற்ற நாளில் அதே முறையில் கோழி நெஞ்சுக்கறி என்று மாற்றிக்கொள்வது நல்லது. கலோரிக் கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

காய்ந்த கோழித் துண்டுகள் கடையிலேயே கிடைக்கின்றனவே என்றால், ஒன்று சொல்ல வேண்டும். 2007 முதல் அமெரிக்காவில் இறக்குமதி ஜெர்க்கியை, அதாவது இப்படிக் காயவைத்த இறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுற்றதாக அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் வந்தன. வருடக்கணக்கில் விசாரித்தும் உறுதியான காரணம் கிடைக்கவில்லை. நம் அடுப்பில் செய்ததில் என்ன இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். நெத்திலிக் கருவாட்டை உப்புக்காகவே ஒதுக்குகிறேன்; புது நெத்திலியை ஆவியில் அவித்தால் அதே வரம்புக்குள் கொடுக்கலாம்.

லாப்ரடார் வைத்திருப்பவர்கள் மட்டும் ட்ரீட்டின் பங்கைப் பத்தில் ஒன்றைவிடவும் குறைக்க வேண்டும். அந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்குவதோடு தொடர்புடைய பிஓஎம்சி மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016ல் கண்டார்கள். அது கேட்கிறதே என்று கொடுத்தால் எடை ஏறும், மூட்டு போகும். அதற்கு ஈரல் துண்டு நாலைந்தோடு, வேகவைத்த பீன்ஸ் அல்லது கேரட்டை அதே அளவில் நறுக்கி ஒரே டப்பாவில் குலுக்கி வையுங்கள். ஈரல் வாசம் காயிலும் ஏறிவிடும், அதையும் விரும்பித் தின்னும்.