குசாட்சுவா, ஸாவோவா? பனிக்காலத்துக்கு ஒரு வெந்நீரூற்று

ஜப்பானில் பனிக்காலத்தில் ஒரே ஒரு எரிமலை வெந்நீரூற்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது? என் கணக்கில் கடைசிவரை போட்டியில் நிற்பவை இரண்டு: குன்மா மாகாணத்தின் குசாட்சு, யாமகதா மாகாணத்தின் ஸாவோ. இரண்டுமே கந்தக நெடி வீசும் பழைய மலையூர்கள். இரண்டுக்குமே டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், பிறகு பஸ். ஆகவே தண்ணீரையும் பனியையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தண்ணீரில் குசாட்சுவுக்கு ஈடில்லை. நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல், யாரும் இறைக்காமல் தானாகப் பொங்கி வருகிறது. ஊரின் நடுவே இருப்பது யுபதாகே. 'வெந்நீர் வயல்' என்று பொருள். ஊற்று நீர் நீண்ட மர வாய்க்கால்களில் ஓடி ஆறுகிறது. அதில் படியும் கந்தகத்தைச் சுரண்டிக் குளியல் பொடியாக்குகிறார்கள். ஆறிய பிறகும் சூடு தாங்காது. பச்சைத் தண்ணீரை விளாவினால் ஊற்றின் வீரியம் போய்விடும் என்பதால், ஆள் உயரப் பலகைகளால் நீரைக் கிளறி ஆற்றுவதே இவ்வூர் வழக்கம். யுமோமி என்கிறார்கள். ஏற்றப்பாட்டைப் போல இதற்கும் தாளத்தோடு ஒரு பாட்டு உண்டு. மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் இந்த நீரையும் மலைக்காற்றையும் மனமாரப் புகழ்ந்தார்.

எலுமிச்சைச் சாற்றின் அளவுக்குப் புளித்த அமில நீர் இது. இந்நீர் கலக்கும் ஆற்றில் மீன் வாழ முடியாததால், 1964 முதல் இரவு பகலாகச் சுண்ணாம்புக்கல் தூளைக் கரைத்து விடுகிறார்கள். ஊற்றைத் தொடாமல் ஆற்றை மட்டும் ஆற்றுப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்காகவே எனக்குக் குசாட்சு மேல் தனி மதிப்பு.

ஸாவோவின் நீர் இன்னும் கடுமையான அமிலம். கண்ணில் பட்டால் எரியும். ஊரில் சிறு கட்டணத்தில் குளிக்க மூன்று பொதுக் குளியலறைகள் உண்டு. குசாட்சுவிலோ யுபதாகேக்குப் பக்கத்திலேயே உள்ள ஷிராஹாத்தா நோ யு இலவசம். (எந்த ஊரானாலும் கொலுசையும் வெள்ளி மோதிரத்தையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், கந்தகம் கறுக்கடித்துவிடும்.)

பனி என்று வந்தால் தராசு அப்படியே சாய்கிறது. குசாட்சுவில் பனி கூரைக்கும் தெருவுக்கும் அழகு. ஸாவோவில் அது மரத்தையே விழுங்கிவிடுகிறது. ஜப்பான் கடலைத் தாண்டி வரும் ஈரக்காற்றின் நுண்துளிகள் மலைமேல் நிற்கும் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களில் மோதி உறைய, அதன்மேல் பனி அப்பிக்கொள்ள, பிப்ரவரியில் மலை முழுக்க வெள்ளைப் பூதங்கள். ஜுஹ்யோ என்று பெயர். ரோப்காரில் ஏறி அவற்றைப் பார்த்துவிட்டு, விறைத்த கால்களோடு இறங்கி வந்து வெந்நீரில் அமரலாம்.

கூட்டமே வேண்டாம் என்பவருக்கு அக்கித்தா மாகாணத்தின் நியூத்தோ உண்டு. காட்டுக்குள் ஏழு விடுதிகள், பால் நிறத் தண்ணீர். ஆனால் அது ஊர் அல்ல, ஒதுங்கி இருக்கும் இடம்.

குளிப்பதற்காகவே போகிறவர் யோசிக்காமல் குசாட்சுவுக்குப் போகட்டும். நான் மட்டும் ஸாவோவை முதலில் வைப்பேன். 2013 முதல் அந்துப்பூச்சியும் அதன் பின்னே பட்டைத்துளைக்கும் வண்டும் தாக்கியதில் அங்கே ஃபிர் மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. இலையில்லாத மரத்தில் பனிப்பூதம் முழுதாக உருவாவதில்லை. விதை சேர்த்து நாற்று நட்டு வருகிறார்கள். அவை வளர்ந்து பனியைத் தாங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். குசாட்சுவின் ஊற்று அடுத்த வருடமும் பொங்கும்.