ரேடியேட்டர் பைப்புக்கு எந்த இன்சர்ட்? ஸ்மார்ட்ஸ்லீவா, சூப்பர்சீலா?

போன மாசம் லண்டன் க்ராய்டன்ல எங்க வீட்டு ஹாலைச் சூடாக்குற ரேடியேட்டரை ஜன்னலுக்குக் கீழ மாத்தி வச்சேன். பைப் இழுக்குறதை விட, பைப் வாயில சொருகுற விரல்நுனி அளவு இன்சர்ட் எது வாங்கறதுன்னு பாக்கத்தான் அதிக நேரம் ஆச்சு.

செம்புக் குழாய்க்கு இது வேணாம். பிளாஸ்டிக்குக்கு கட்டாயம், ஏன்னா சுடுதண்ணி ஓடும்போது பிளாஸ்டிக் இளகும், பைப்பை இணைக்கிற ஃபிட்டிங்குக்குள்ள இருக்க பல் வளையமும் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) சுத்தி அழுத்திட்டே இருக்கும், உள்ள தாங்கல் இல்லன்னா பைப்போட வட்டம் கெட்டு ஒழுகிடும்.

நான் பாத்தது ரெண்டு கம்பெனியோட இன்சர்ட். ஸ்பீட்ஃபிட்டோட சூப்பர்சீல் பிளாஸ்டிக், அதுலயே ஓ-ரிங் இருக்கதால ஃபிட்டிங்ல இருக்க சீலுக்கு மேல இன்னொரு சீல் கிடைக்குது. ஹெப்டூஓவோட ஸ்மார்ட்ஸ்லீவ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மெல்லிசு.

நான் எடுத்தது ஸ்மார்ட்ஸ்லீவ். முதல் காரணம், தரைக்குக் கீழ ஏற்கெனவே ஓடுறது ஹெப்டூஓ பைப். 15 எம்எம்னு எல்லா பைப்லயும் போட்டிருக்கும், ஆனா அது வெளி அளவு. ஹெப்டூஓ பாலிபியூட்டிலீன், ஸ்பீட்ஃபிட்ல பெக்ஸும் உண்டு, ரெண்டும் வேற வேற பிளாஸ்டிக், பைப் சுவரோட தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால உள் அளவும் மாறும். இன்சர்ட் உக்காருறது உள்பக்கம்தானே, அதனால ஃபிட்டிங்கை விட பைப்பைப் பாத்துத்தான் வாங்கணும். இது தெரியாம மொதல்ல வேற ஒரு கம்பெனி இன்சர்ட்டைப் போட்டுட்டேன், பைப்பை ஆட்டினா உள்ள கடகடன்னு ஆடுச்சு. ஆறின தண்ணியில 1.5 பார் அழுத்தம் வச்சு சோதிச்சப்ப ஒரு சொட்டு இல்ல. ரெண்டு நாள் ஹீட்டிங் போட்டு ஆறினதும் தரைப் பலகைக்குக் கீழ ஈரம். எல்லாத்தையும் பிரிச்சு திரும்ப போட்டேன். ரெண்டு பைப்பும் வெள்ளைதான், நிறத்தை நம்பாதீங்க, மேல அச்சடிச்சிருக்க பேரைப் படிங்க.

ரெண்டாவது, ஸ்மார்ட்ஸ்லீவோட முனை அலை அலையா இருக்கும். ஹெப்டூஓ ஃபிட்டிங்ல முழுசா போனதும் பைப்பைத் திருகினா கையில நறநறன்னு ஒரு அதிர்வு தெரியும். அது வரலன்னா இன்னும் உள்ள போகணும்னு அர்த்தம். ஜாய்ஸ்டுக்கு (தரைப் பலகையைத் தாங்கற மரச்சட்டம்) நடுவுல கையை விட்டு, கண்ணுக்கே தெரியாத இடத்துல மாட்டும்போது இந்த ஒரு விஷயம் எவ்வளவு நிம்மதின்னு செஞ்சு பாத்தாதான் தெரியும். பலகையை மூடி கார்பெட் போட்டப்புறம் யாரு திறந்து பாக்கப் போறா?

சூப்பர்சீலை கராஜ்ல ரெண்டு ஜாயின்ட்ல மட்டும், ஸ்பீட்ஃபிட் பைப்லயே போட்டேன். அழுத்த கொஞ்சம் பலம் வேணும், இதுவரைக்கும் ஒழுகல, அதுக்கு மேல சொல்ற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்ல. கழட்டி மாட்டறதுல ஸ்பீட்ஃபிட்தான் சுலபம், மூடியைத் திருகி கையாலேயே எடுத்துடலாம், ஹெப்டூஓவுக்கு ஹெப்கீன்னு தனி டூல் வேணும்.

ரேடியேட்டர் வால்வு கம்ப்ரெஷன் டைப்னா (நட்டை இறுக்கி மாட்டுறது) ஓ-ரிங் வச்ச இன்சர்ட்டைத் தவிர்த்துட்டு சாதா இன்சர்ட் போடுங்க, ஓ-ரிங் வச்சதோட கழுத்து பெருசு, பைப் கடைசி வரைக்கும் போய் உக்காராது. குரோம் பூசின குழாயில புஷ்-ஃபிட்டை (அழுத்தினாலே மாட்டிக்கற இந்த மாதிரி ஃபிட்டிங்) அப்படியே மாட்டாதீங்க, பல் பிடிக்காது.