முன் ஸ்ட்ரட்டில் ஆயில் கசிந்தால்: ரீகண்டிஷனா, புதியதா, பழைய சந்தைப் பொருளா?

ஸ்விஃப்ட், ஆல்ட்டோ, ஐ10, டியாகோ என்று நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் சிறிய கார்களில் முன் சக்கரங்களைத் தாங்கி நிற்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளரான ஏர்ல் மெக்ஃபர்சன் 1940-களின் பிற்பகுதியில் உருவாக்கிய இந்த அமைப்பு, சக்கரத்தை மேற்புறத்தில் பிடித்திருந்த ஆர்மை நீக்கிவிட்டு, அதன் பொறுப்பையும் ஷாக் அப்சார்பரிடமே ஒப்படைத்தது. ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் சக்கரத்தின் நிலையைக் காப்பவை மேலும் கீழுமுள்ள ஆர்ம்கள். அங்கே ஷாக் அப்சார்பருக்கு அதிர்வை அடக்குவது மட்டுமே வேலை. ஸ்ட்ரட்டோ காயில் ஸ்பிரிங்கைச் சுமக்கிறது, ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பக்கவாட்டில் வரும் விசையையும் தாங்குகிறது. அதன் குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும் ராடு மற்ற ஷாக் அப்சார்பர்களின் ராடைவிடத் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கசிகிற ஸ்ட்ரட்டுக்கு மெக்கானிக் சொல்லும் வழிகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில், பின்பக்க ஷாக்குக்குப் போதுமான ஒரு வைத்தியம் முன்பக்கத்துக்குப் போதாமல் போகலாம்.

செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன், கசிவு உண்மையானதா என்று பார்த்துவிட வேண்டும். ராடு மேலும் கீழும் ஓடும்போது மெல்லிய ஆயில் படலம் ஒன்று, ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் ‘சீல்’ வளையத்தைத் தாண்டி வெளியே வருவது இயல்பு. அதில் தூசி ஒட்டி, ஸ்ட்ரட்டின் மேற்பகுதி கறுத்து ஈரமாகத் தெரிந்தால் அது மட்டுமே மாற்றுவதற்குக் காரணமாகாது. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகும் ஆயில் கோடாக வழிந்து குழாயின் கீழ்ப்பகுதி வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்த ஈரம் பிரேக் ஹோஸிலிருந்து வந்ததா, ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து தெறித்த கிரீஸா என்பதையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் என்றால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவதே சரி. வேகத்தடையில் எழும் ‘கட கட’ சத்தத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரட்டைக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது: தேய்ந்த லிங்க் ராடும், லோயர் ஆர்ம் புஷ்ஷும், ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் உடலோடு இணைக்கும் மவுண்டும் அதே சத்தத்தைத் தரும், அவற்றை மாற்றும் செலவும் குறைவு. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அளவுக்கு மீறிக் குனிவது, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பின்னும் வண்டி ஆடிக்கொண்டே இருப்பது, டயரில் மேடும் குழியுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்மானம் விழுவது ஆகியவை ஸ்ட்ரட் சோர்ந்துவிட்டதைக் காட்டும் நம்பத்தக்க அடையாளங்கள்.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் அதைக் கேட்டுவிடுவதே முதல் வேலை. அந்தக் காலம் கடந்த வண்டிகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் முதலில் காதில் விழும் யோசனை ரீகண்டிஷன். விலை குறைவு, அன்றே வேலை முடியும், பழைய பொருளே திரும்பிவரும் என்பவை அதன் கவர்ச்சிகள். ஆனால் ரீகண்டிஷன் என்ற பெயரில் நடப்பது என்ன என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். இந்தக் கார்களில் வருபவை தொழிற்சாலையிலேயே மூடி ஒட்டப்பட்ட ஸ்ட்ரட்டுகள். கழற்றித் திறப்பதற்கு அவற்றில் திருகு மறை கிடையாது. எனவே குழாயின் மேல்விளிம்பை அறுத்து, சீலை மாற்றி, ஆயில் ஊற்றி, மீண்டும் வெல்டு வைத்து மூடுகிறார்கள். இதில் மூன்று இடங்களில் தரம் நழுவுகிறது. பிஸ்டனிலும் குழாயின் அடியிலும் உள்ள வால்வுகள் குறிப்பிட்ட தடிமன் கொண்ட ஆயிலுக்காகக் கணக்கிடப்பட்டவை; கையில் கிடைத்த ஆயிலை ஊற்றினால் வண்டி ஒன்று கட்டையாக இடிக்கும், இல்லையேல் ஆடும். ஆயிலில் நுரை எழாமல் இருக்க உள்ளே அடைக்கப்பட்டிருந்த நைட்ரஜன் அழுத்தம் அறுத்த கணமே போய்விடுகிறது, அதை மறுபடி முறையாக நிரப்பும் வசதி எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை. மூன்றாவதும் முதன்மையானதும் ராடு: சீல் கிழிந்ததற்குக் காரணமே பெரும்பாலும் ராடின் குரோம் பூச்சில் விழுந்த துருப்புள்ளியோ கீறலோதான். அதே ராடைப் புதிய சீலுக்குள் ஓடவிட்டால் அந்தச் சீலும் விரைவில் அறுபடும்.

அத்துடன், பக்கவாட்டு விசையைத் தாங்கித் தேய்ந்துபோன ராடு கைடை, அதாவது ராடை நேராக ஓடவைக்கும் வளையத்தை, மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் ஸ்ட்ரட்டின் உள்ளாட்டம் அப்படியே நிற்கும். பின்பக்கத்தில் தனியாக நிற்கும் ஷாக்குக்கு ரீகண்டிஷன் ஓரளவு பொருந்தலாம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் முன் ஸ்ட்ரட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

விலைக் கணக்கும் அந்த வழிக்குச் சாதகமாக இல்லை. எந்த ஸ்ட்ரட்டை மாட்டினாலும் கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஸ்ட்ரட் சேரும் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டால் சக்கரக் கோணம் மாறிவிடுவதால் வீல் அலைன்மெண்ட் செய்தே தீர வேண்டும். மலிவான ஸ்ட்ரட் ஒன்று விரைவில் மீண்டும் கசிந்தால் கூலியும் அலைன்மெண்டும் இரண்டாம் முறை விழும், அதற்குள் தேய்ந்த டயரின் விலையும் சேரும். ஆகவே பொருளின் விலைப்பட்டியலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஏமாற்றும். ஒருமுறை பிரித்து மாட்டியபின் எத்தனை காலம் தொடாமல் ஓட்டலாம் என்பதே ஒப்பிட வேண்டிய அளவு.

புதியது என்று முடிவெடுத்தபின் எழும் கேள்வி, கார் நிறுவனத்தின் பெயரில் வரும் ஸ்ட்ரட்டா, கேப்ரியல், கேஒய்பி, மன்ரோ போன்ற பெயர்களில் வெளிக்கடையில் கிடைப்பதா என்பது. இங்கே இடைவெளி பலர் எண்ணுமளவு பெரிதன்று. கார் நிறுவனங்கள் ஸ்ட்ரட்டுகளைப் பெரும்பாலும் இத்தகைய தயாரிப்பாளர்களிடமிருந்தே வாங்குகின்றன. எனினும் வெளிக்கடைக்கு வரும் பொருளின் வால்வு அமைப்பு, அந்தக் காருக்கென்று நிறுவனம் தேர்ந்த அமைப்போடு அச்சாக ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் ஓட்டம் சற்றுக் கடினமாக உணரப்படுவதுண்டு. வண்டி வாங்கிய நாளில் இருந்த சொகுசே வேண்டும் என்பவர் நிறுவனப் பொருளை எடுக்கலாம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவருக்கு அந்தச் சிறு கடினம் பாதகமாகாது. விலை வேறுபாடு கணிசமாக இருந்தால் நல்ல பெயருள்ள வெளிப்பொருளே போதும் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் வண்டியின் ஆண்டு, எஞ்சின் வகை, இடமா வலமா என்ற மூன்றையும் பாகத்தின் எண்ணோடு சரிபார்ப்பது கட்டாயம். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பிடிக்கும் கிளிப்புகள் இடத்துக்கும் வலத்துக்கும் மாறும். போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுவதால் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய ஸ்ட்ரட் கிடைக்கும். கதவும் கண்ணாடியும் வாங்க அவை நல்ல இடங்கள். ஸ்ட்ரட்டுக்கு அப்படிச் சொல்ல இயலாது. மோதிய வண்டியிலிருந்து எடுத்ததில் ராடு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்கலாம், அது ஓடிய தூரத்தையும் யாரும் சொல்லப் போவதில்லை. ஸ்பிரிங் வளையங்களுக்கிடையே செருகும் ரப்பர் பஃபரையும் ஒரு தீர்வாக விற்கிறார்கள். அது ஸ்பிரிங்கை விறைப்பாக்கி வண்டியைச் சற்று உயர்த்துமே தவிர, ஆட்டத்தை அடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஸ்பிரிங் விறைக்க விறைக்க, சோர்ந்த ஸ்ட்ரட்டின் சுமைதான் கூடும்.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று தயங்குபவர்கள் உண்டு. மாற்றத்தான் வேண்டும். ஒருபுறம் புதிதும் மறுபுறம் தேய்ந்ததுமாக இருந்தால், திடீரென பிரேக் பிடிக்கும் நேரத்திலும் மழையில் வளைவு எடுக்கும் நேரத்திலும் இரு சக்கரங்களும் சாலையை ஒரே அளவில் பற்றுவதில்லை. மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். கிழிந்த டஸ்ட் கவரை அப்படியே விட்டால் மணல் நேராகப் புதிய ராடின் மேல் விழும்.

வேலை நடக்கும் விதத்திலும் கண் வைக்க வேண்டும். காயில் ஸ்பிரிங்கை முறையான கம்பிரசரில் அழுத்திப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் அது துள்ளி ஆளையே முடமாக்கும். வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் வேலை இதுவன்று. படுக்கையாகக் கிடந்த புதிய ஸ்ட்ரட்டை நிமிர்த்தி, மாட்டுவதற்கு முன் ராடைச் சில முறை மெதுவாக அழுத்தி இழுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ராடை பிளையரால் பிடித்து நட்டை முடுக்கும் மெக்கானிக்கை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குரோமில் விழும் அந்தப் பல் தடம் புதிய சீலைக் கிழிக்கப் போதுமானது.

புதிய ஸ்ட்ரட்டே கிடைக்காத, உற்பத்தி நின்றுபோன பழைய மாடலை வைத்திருப்பவருக்கு மட்டும் ரீகண்டிஷனைத் தவிர வழி இராது. அவர் கடைக்காரரிடம் ராடை மீண்டும் கடினக் குரோம் பூசித் தேய்த்துத் தரச் சொல்ல வேண்டும், ராடு கைடையும் மாற்றச் சொல்ல வேண்டும், நைட்ரஜன் நிரப்பப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும். வாங்கும்போது ராடைக் கையால் முழுதும் அழுத்திவிட்டால் அது தானாக மெல்ல மேலெழ வேண்டும். அழுத்திய இடத்திலேயே கிடந்தால் உள்ளே கேஸ் இல்லை என்று பொருள்.