சிங்கப்பூர், பினாங்கு, யாழ்ப்பாணம்: கோடையில் எந்த நண்பர் வீட்டுக்கு?

மூன்று கோடைகளில் மூன்று வீடுகளில் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். 2023 மே மாதம் சிங்கப்பூரில், கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியின் அடுக்குமாடி வீடு. 2024இல் மலேசியாவின் பினாங்குத் தீவில், கணவரின் கல்லூரி நண்பர் வீடு. 2025இல் யாழ்ப்பாணத்தில், திருச்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழியின் வீடு. நாங்கள் ஐந்து பேர்: நானும் கணவரும், ஒரு மகள், ஒரு மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார். அவரை நான் அத்தை என்றே அழைப்பேன்; இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் நண்பர் வீட்டில் தங்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "ஓட்டல் செலவு மிச்சம்தானே?" என்பதைத்தான். அந்தக் கணக்கை முதலில் போட்டால் தவறான மாதத்தில் போய் ஒரு வீட்டின் வாசலில் நிற்போம். நாங்கள் சிங்கப்பூரில் அப்படித்தான் நின்றோம்.

தவறு முழுக்க எங்களுடையது. நமக்கு மே மாதம் முழு விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடு ஆண்டு விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும்; ஜூன் முழுவதும் நீளும். நாங்கள் போனது மே இரண்டாம் வாரம். தோழியின் பிள்ளைகள் இருவரும் இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். தோழிக்கும் அவள் கணவருக்கும் அலுவலகம். அவர்கள் வீட்டை நான்கறை வீடு என்பார்கள். கூடத்தையும் ஓர் அறையாக எண்ணும் கணக்கு அது. படுக்கையறை மூன்றுதான், மொத்தப் பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். நான்கு பேர் வாழும் அந்த வீட்டில் ஒன்பது பேர் ஆனோம். பிள்ளைகள் தங்கள் அறைகளை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள்.

நேர வித்தியாசத்தையும் நான் யோசித்திருக்கவில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு பதினொன்றரை என்றால் நம் பிள்ளைகளின் உடம்புக்கு மணி ஒன்பதுதான். தூக்கம் எப்படி வரும்? அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள் தூங்கியாக வேண்டும். தோழியின் மகனுக்கு அந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு, எங்கள் பைகளுக்கு நடுவே சாப்பாட்டு மேசையில் அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. நான்கு இரவுகளோடு நிறுத்திக்கொண்டு, மீதி இரண்டு இரவுகளுக்கு லிட்டில் இந்தியாவில் ஓட்டல் அறை எடுத்தோம். வீரமாகாளியம்மன் கோயில் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்படுகிறார் என்று தோழியிடம் சொன்னோம். அவளுக்கு உண்மை புரிந்திருக்கும்.

சிங்கப்பூரில் நண்பர் வீடு இல்லையென்றால் பெரும்பாலும் ஓட்டல்தான். குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட ஒரு வாரத்துக்கு ஒரு குடியிருப்பு வீட்டை எடுக்கும் வழி அங்கே இல்லை. தனியார் வீட்டைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம். ஐந்து பேருக்கு ஓட்டலில் இரண்டு அறை வேண்டும். அதனால்தான் நண்பர் வீட்டின்மீது இவ்வளவு பாரம் விழுகிறது.

இவ்வளவு சொன்னாலும், முதல்முறையாக வெளிநாடு போகிற குடும்பத்துக்கு சிங்கப்பூரைப்போல் எளிதான ஊர் இல்லை. திருச்சியிலிருந்து நேராக விமானம், நான்கு மணி நேரப் பயணம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் மின்தூக்கி இருப்பதால் அத்தையின் முழங்கால் பிரச்சினையாகவே வரவில்லை. வழிகாட்ட யாரும் கூட வர வேண்டியதில்லை; வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ரயிலும் பஸ்ஸும் மாறி நாங்களே சுற்றினோம். தாவரவியல் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது அது. கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் செயற்கைப் பெருமரங்களுக்குக் கீழே மாலை 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சியும் இலவசம். பொது இடங்களின் அறிவிப்புப் பலகைகளில் தமிழைப் பார்த்து, அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த மகன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருப்பதன் பொருள் எனக்கு அவன் குரலில்தான் விளங்கியது.

கட்டணம் உள்ள இடங்களில்தான் பணம் கரையும். விலங்குத் தோட்டம், செந்தோசா என்று எதற்கும் ஐந்தால் பெருக்க வேண்டும். விசாவுக்கும் ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி கட்டியே ஆக வேண்டும். ஊரிலிருந்து மசாலாப் பொருள் கொண்டுபோகிறவர்கள் கசகசாவை மட்டும் வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

பினாங்குக்கு விசா தொல்லை இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்பினோம். இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் எந்த நாட்டுக்கானாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இறங்கி, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயில், அங்கிருந்து படகு. பிள்ளைகளுக்கு அந்தப் படகு கொண்டாட்டம். அத்தைக்கு அன்று முழுவதும் அலுப்பு.

வீடு என்ற அளவில் மூன்றிலும் வசதியானது பினாங்கு வீடுதான். கணவரின் நண்பர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். அவர் மனைவி அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தரை வீடு, மாடி உண்டு, கீழே குளியலறையோடு ஓர் அறை. அந்த அறையை அத்தைக்குக் கொடுத்தார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நண்பரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கீழ்த்தளத்தில் படுக்க இடம் இருக்கிறதா? காலையில் அந்த வீட்டுப் பெரியம்மா "பசியாறினீர்களா?" என்று கேட்டதை அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலை உணவை அங்கே பசியாறல் என்கிறார்கள். அதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை.

சாப்பாட்டில் பினாங்கை எதுவும் நெருங்க முடியாது. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கம்பு சுமந்து விற்ற சோறுதான் இன்றைய நாசி கண்டார். சைவம் மட்டும் சாப்பிடும் அத்தைக்கு அங்குள்ள லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. டுரியான் பருவம் தொடங்கியிருந்தது. ஓட்டல்கள் பெரும்பாலும் அந்தப் பழத்தை உள்ளே விடுவதில்லை. நண்பர் வீட்டு முற்றத்தில் செய்தித்தாள் விரித்து, உடைத்து, கையால் எடுத்துச் சாப்பிட்டோம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, கடைசிச் சுளைக்குத் தம்பியோடு சண்டை போட்டாள்.

பார்க்கவும் நிறைய இருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளைக் கணவரும் பிள்ளைகளும் ஏறினார்கள். பினாங்கு மலைக்கு 1923 முதல் ஓடும் இழுவை ரயில் இருப்பதால் அங்கே அத்தையும் வர முடிந்தது. ஜார்ஜ் டவுன் தெருக்கள் 2008 முதல் உலக மரபுப் பட்டியலில் உள்ளவை. மலேசியாவின் முதல் தமிழ் வகுப்பு 1816இல் இந்தத் தீவில்தான், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில், தொடங்கியது என்று நண்பரின் மனைவி பெருமையோடு சொன்னார்.

ஆனால் பினாங்கில் எங்கு போவதென்றாலும் நண்பரின் காரை நம்ப வேண்டியிருந்தது. பஸ் இருக்கிறது, ஐந்து பேர், அதில் ஒருவர் முதியவர், என்ற நிலையில் அது கைகொடுக்கவில்லை. அவர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். மற்ற நாட்களில் வேலை முடிந்து களைத்து வந்தவர் மறுபடி சாவியை எடுத்தார். இருபது ஆண்டுகள் கழித்துச் சந்தித்த இரண்டு நண்பர்களில் ஒருவர் ஓட்டுநராகவே இருந்துவிட்டார் என்று என் கணவர் திரும்பும்போது வருந்தினார். மீண்டும் போனால் இரண்டு நாளாவது வாடகைக் கார் வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்தை நான் முதலில் ஒரு சுற்றுலாவாகவே நினைக்கவில்லை. தோழி 1990இல் சிறுமியாக அகதிக் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்தவள். எங்கள் பள்ளியில் படித்து, எங்கள் தெருவில் வளர்ந்து, போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் பெற்றோரோடு ஊர் திரும்பினாள். இப்போது ஆசிரியை. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். திருச்சியிலிருந்து சென்னை வருவதற்கு அதைப்போல் நான்கு மடங்கு ஆயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் தொடங்கினார்கள். கடலும் காலநிலையும் பார்த்து அது ஓடும் என்பதால், முதியவரை வைத்துக்கொண்டு அதை நம்பவில்லை.

கோண்டாவிலில் வீடு. உள்ளே போனதும் தோழியின் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து "வா பிள்ளை" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளி விட்டு அவர்கள் வீட்டுக்குப் போனால் புட்டும் சொதியும் வைத்தபடி அதே குரலில்தான் கூப்பிடுவார். அதற்குப் பிறகு நான் எதையும் ஒப்பிடும் நிலையில் இல்லை. ஆனாலும் முயல்கிறேன்.

வெயில் நாகப்பட்டினத்து மே மாத வெயிலேதான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்ததால் மாலையில் தாங்க முடிந்தது. குளிர்பதன வசதி ஓர் அறையில் மட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெரிய கேளிக்கை இடம் எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள் மகன் "இன்று எங்கே போகிறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கிணற்றடியைக் கண்டுபிடித்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்கும் மழைநீரில்தான் அந்த மண் வாழ்கிறது. வாளியில் இறைத்து ஊற்றிக் குளித்த நீர் வாழைக்கு ஓடும்படி தோழியின் அப்பா அவனுக்குப் பாத்தி திருப்பக் கற்றுக்கொடுத்தார். அதன்பின் அவன் எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.

தோழியின் பள்ளி மதியம் ஒன்றரைக்கு முடிந்துவிடும். இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பாள். சிங்கப்பூர்த் தோழியோடு எனக்குக் கிடைத்தது இரவு பத்து மணிக்குமேல் அடுக்குமாடிக்குக் கீழே, தரைத்தளத் திறந்தவெளியில், மொத்தமாக மூன்று மணி நேரம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு நாளும் மதியத்திலிருந்து இரவு வரை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு, அவள் சொல்வதுபோல், கதைத்துக்கொண்டே இருந்தோம். நேர வித்தியாசமும் இல்லாததால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக எழுந்தார்கள்.

ஒரு நாள் குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டோம். அத்தை படகில் ஏறும்போது முன்பின் தெரியாத இருவர் கைபிடித்து இறக்கி உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் யாழ்ப்பாண நூலகம். 1981இல் எரிக்கப்பட்டு, 2003இல் மறுபடி திறக்கப்பட்ட கட்டடம். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து தோழி என் மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். தன் குடும்பம் படகேறிய கதையையும் சொன்னாள். எங்கள் நட்பின் முப்பது ஆண்டுகளில் அந்த இரண்டாவது கதையை என்னிடம் அவள் முழுதாகச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா ஆகஸ்ட் வாக்கில் என்பதால் மே மாதம் போகிறவர்களுக்குக் கிடைக்காது. அது ஒன்றுதான் எனக்குக் குறை.

செலவைப் பகிர்வதில் மூன்று வீட்டிலும் மூன்று வழி தேவைப்பட்டது. சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் காய்கறியும் மீனும் நாங்கள் வாங்கிப் போட்டோம். தோழி இயல்பாக ஏற்றுக்கொண்டாள். பினாங்கில் பெட்ரோலுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் கணவர் முந்திக்கொண்டு கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் எதற்கும் விடவில்லை. வாடகை வேனுக்குக் கொடுத்த பணத்தைக்கூடத் தோழியின் அப்பா திருப்பிக் கையில் திணித்தார். கடைசியில் அவர் மருந்துக்கடைச் சீட்டைக் கேட்டு வாங்கி, மூன்று மாத மாத்திரை வாங்கி வைத்தேன். அதை மட்டும் மறுக்கவில்லை.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் சிங்கப்பூர். நண்பருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விடுமுறை தொடங்கிய பின், நம் பள்ளி திறப்பதற்குள், நான்கு இரவுகளுக்கு மிகாமல். பெரியவர்கள் சுகமாகவும் சாப்பாடு ருசியாகவும் இருக்க வேண்டும் என்றால் பினாங்கு, நண்பரின் காரை நம்பாமல். ஓர் இடத்துக்கு மட்டும்தான் போக முடியும், அதுவும் அந்த நண்பருக்காகத்தான் போகிறோம் என்றால், நான் யோசிக்காமல் யாழ்ப்பாணம் என்பேன்.

இந்த முறை டிக்கெட் பார்ப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத் தோழியிடம் தேதி கேட்டேன். தேதியைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒன்று கேட்டாள்: டிசம்பரில் அவளுக்குப் பள்ளி விடுமுறை, அம்மாவுக்குத் திருச்சியில் தாங்கள் இருந்த தெருவைப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் அறை இல்லை. கூடத்தை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து, பக்கத்தில் குளியலறை கட்டக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறோம்.