கார் இன்வெர்ட்டர்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட் போல 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டிதான் கார் இன்வெர்ட்டர். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அதைக் கேட்டால் 150, 200, 300 வாட் என்று எடுத்து அடுக்குவார்கள். கடைக்குப் போகும் முன் வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, இன்வெர்ட்டரைச் செருகும் லைட்டர் சாக்கெட்டுக்கு எத்தனை ஆம்ப் ஃபியூஸ் என்று பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 இருக்கும். 10 ஆம்ப் என்றால் 12 வோல்ட்டில் உள்ளே போவதே 120 வாட். சூடாக வீணாவது போக வெளியே வருவது 100 வாட் சுமாருக்கு. 300 வாட் பெட்டியைச் செருகினாலும் அந்தச் சாக்கெட்டில் அவ்வளவுதான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் மாட்டிவிடுவது ஆபத்து, டாஷ்போர்டுக்குள் ஒயர் உருகும். 300 வாட் கட்டாயம் வேண்டுமென்றால் சுமார் 30 ஆம்ப் இழுக்கும். பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்து, பேட்டரி முனையை ஒட்டி ஃபியூஸ் வைக்க வேண்டும்.

போனுக்கு இன்வெர்ட்டர் வேண்டாம். டைப்-சி-யில் சார்ஜ் ஏறும் லேப்டாப்புக்கும் 65 வாட் ‘பிடி’ (PD, டைப்-சி வழி வேகமாகச் சார்ஜ் ஏற்றும் முறை) கார் சார்ஜரே மேல். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப 19 வோல்ட்டுக்கு இறக்கும் இரட்டைச் செலவு அதில் இல்லை. உருண்டை முனை லேப்டாப், கல்யாண வீடியோக்காரர்களின் கேமரா பேட்டரி சார்ஜர், நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) இவற்றுக்குத்தான் இன்வெர்ட்டர் தேவை.

விலை குறைந்தவை பெரும்பாலும் மாடிஃபைட் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட்டின் வழவழப்பான அலைக்குப் பதில் படிப்படியாக ஏறி இறங்கும் அலை தருபவை. லேப்டாப் அடாப்டர் அதில் ஓடிவிடும், சற்றே கூடுதலாகச் சுடும். கொசு பேட், சார்ஜ் டார்ச் போன்றவற்றை மட்டும் செருகவே கூடாது. அவற்றில் பலவற்றின் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர்தான் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. சட்டென ஏறி இறங்கும் அலையில் அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்து அது கருகும். நெபுலைசர் மோட்டார் உறுமிச் சூடாகும். குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ மருந்து கொடுக்கும் கருவி என்பதால் அதற்கு வீட்டுக் கரண்ட் போன்ற அலை தரும் ப்யூர் சைன் வேவ்தான் வாங்க வேண்டும். இதில் காசு பார்க்காதீர்கள். சாதா மல்டிமீட்டரில் மாடிஃபைட் அலை 230-க்குக் குறைவாகக் காட்டும். அதை வைத்துப் பெட்டி பழுது என்று முடிவு கட்ட வேண்டாம், எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் பாருங்கள்.

நாள்பட முதலில் தேய்வது லைட்டர் பிளக். முனை ஸ்பிரிங் தளர்ந்து தொடுகை கெட்டு, அந்த இடம் கொதித்து பிளாஸ்டிக் இளகும். மேலூர், திருமங்கலம் சாலையில் ஓடும்போது ஆட்டத்தில் கட் ஆகிக் கட் ஆகி வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்தது வெப்பம். கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கிடந்த இன்வெர்ட்டர், ஆன் செய்த சில நிமிடத்திலேயே தானாக அணையும். ஏசி ஓடி உள்ளே குளிர்ந்த பிறகு போடுங்கள். விசிறித் துளையைச் சீட் துணி மூடக் கூடாது.

பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில் தானே நிற்கும் என்பார்கள். அந்த நிலையில் பேட்டரி ஏற்கெனவே காலி, செல்ஃப் எடுக்காது. 65 வாட் லேப்டாப் சுமார் 7 ஆம்ப் இழுக்கும்; 35 ஏஎச் (ஆம்ப்-மணி) பேட்டரியில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், பழைய பேட்டரி என்றால் அதுவும் வேண்டாம். செல்ஃப் அடிக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சும்மா செருகியே விட்டாலும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும்.

லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், அங்கே 12 வோல்ட் பெட்டி செருகினால் போய்விடும். வெளிநாட்டுச் சரக்கில் 110 வோல்ட் வெளியீடும் வருகிறது. ஆகவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, உங்கள் அடாப்டரையே கடைக்குக் கொண்டுபோய், பத்து நிமிடம் ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.