பிரேம் நிறம்: ஸ்கேனரா, போனா, சாம்பிள் துண்டா?

"வெப்சைட்டில் காப்பித்தூள் நிறம், கையில் வந்தது கறுப்பு" என்று சொல்லி ஒருவர் பிரேமைத் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணப் படம், 16க்கு 20. பிரித்துப் பார்த்தால் அவர் கேட்ட அதே வால்நட் நிறச் சட்டம்தான். தப்பு நாங்கள் எடுத்துப் போட்ட படத்தில். மதுரையில் எங்கள் குடும்பத்துக்குப் பிரேம் கடை. வெப்சைட் என் தலையில். அன்றிலிருந்து நிறத்தைக் காட்ட என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மோல்டிங் என்றால் பிரேமுக்காக வெட்டும் நீளச் சட்டம். அதன் சப்ளையர் தரும் கேட்டலாக் படத்தால் வேலை மிச்சம், அவ்வளவுதான். அதில் ஆன்டிக் கோல்டும் சாதா கோல்டும் ஒன்றுபோலவே மின்னும். அதை விடுங்கள்.

நிஜப் போட்டி ஸ்கேனருக்கும் போனுக்கும். ஸ்கேனரின் பலமே அதன் விளக்கு மாறாததுதான். பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வரும் அட்டைதான் மவுண்ட் போர்டு. இன்றைக்கு வைக்கும் போர்டுக்கும் ஆறு மாதம் கழித்து வைப்பதற்கும் ஒரே வெளிச்சம். ஐவரி, கிரீம், ஆஃப் ஒயிட் மூன்றையும் பிரித்துக் காட்ட இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஆட்டோ கரெக்‌ஷனை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் வெளுத்து ஒரே வெள்ளையாக்கிவிடும்.

மோல்டிங்கை வைத்தால்தான் சிக்கல். ஒல்லியான, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருப்பது பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார். கண்ணாடியை ஒட்டிய பரப்பு மட்டும் தெளிவாக விழும், சட்டத்தின் பள்ளமெல்லாம் மங்கிவிடும். கோல்ட் இன்னும் மோசம். விளக்கு சாய்வாக அடிக்க, பளபளப்பான ஃபாயில் அதை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்சாருக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் போடுகிற தங்கப் பட்டை சேற்றுப் பழுப்பாக வந்து நின்றபோது அப்பா, "இதையா விற்கப்போறே?" என்றார்.

அதனால் போன். எங்கள் முதல் தவறு, கடை டியூப் லைட்டையும் வாசல் வெளிச்சத்தையும் கலந்தது. சட்டத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். இரண்டாவதுதான் வால்நட் விவகாரம். கருஞ்சட்டம் படம் முழுக்க நிறைந்திருக்க, இருட்டில் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனே வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பைக் காப்பியாக்கிவிட்டது. விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் பக்கத்தில் வைத்து, அதைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டியதும் சரியானது. வெள்ளையை நீலமோ மஞ்சளோ அடிக்காமல் காட்டும் வெள்ளைச் சமநிலையையும் பிறகு அதே அட்டையை வைத்தே சரிசெய்யலாம். அட்டைக்குப் பதில் ஜெராக்ஸ் பேப்பர் வைக்காதீர்கள். அதை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் வெயிலில் நீலம் அடிக்கும். அதை நம்பித் திருத்தினால் படம் மஞ்சளாகிவிடும்.

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வடக்கு ஜன்னலோரம் எடுங்கள், நேர் வெயில் விழாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அது குளிர் நாட்டுக்காரர்கள் சொன்னது. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் நான் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுகிறேன்.

படத்தை ஏற்றும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஐபோன் படங்கள் பி3 என்ற அகலமான நிறவெளியில், அதாவது நிறங்களின் எல்லைக்குள், சேமிக்கப்படும். அளவைக் குறைக்கும் மென்பொருள் எந்த நிறவெளி என்று சொல்லும் புரொஃபைலைக் கழற்றிவிட்டால், பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகலான நிறவெளி என்று எடுத்துக்கொள்ளும்; மெரூன் மோல்டிங் சாயம் போன புடவை மாதிரி ஆகிவிடும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஏற்றினால் போதும்.

கோல்டுக்கு எந்த ஒற்றைப் படமும் போதாது. மெதுவாகச் சாய்த்துக் காட்டும் பத்து விநாடி வீடியோதான் நான் பார்த்ததில் நேர்மையானது. கூடவே ஒரு புதுப் பத்து ரூபாய் நாணயத்தைச் சட்டத்தின் மேல் வைத்து ஒரு படம் எடுக்கிறேன். வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளி நிறம்; வாடிக்கையாளரின் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கண் பாதுகாப்பு மோடில் போனே மஞ்சள் பூத்திருந்தாலும், நாணயத்தோடு ஒப்பிட்டால் எங்கள் கோல்ட் அதைவிடச் சிவப்பா, வெளுப்பா என்று புரிந்துவிடும்.

சாம்பிள் துண்டோடு இவை எதுவும் போட்டி போட முடியாது, உண்மைதான். வெட்டி மிஞ்சிய இரண்டு அங்குலத் துண்டை கூரியரில் அனுப்பினால் வாதமே இல்லை. ஆனால் ஒரே ஒரு சின்னப் பிரேம் கேட்பவருக்கு கூரியர் செலவு கட்டுப்படியாகாது, நாளும் போகும். ஹோட்டலுக்கு நாற்பது பிரேம், புது வீட்டுக்கு ஒரு சுவர் நிறைய என்று வந்தால் மட்டும் அனுப்புகிறோம்.

மற்றவர்களுக்கு, படத்துக்குக் கீழே இரண்டு வரி. அந்த வால்நட்டுக்கு இப்போது, "கிட்டத்தட்ட கறுப்பு, நேர் வெயிலில் மட்டும் பழுப்பு தெரியும்" என்று எழுதியிருக்கிறேன். கறுப்பு பிரேம் தேடி வருகிறவர்கள்தான் அதை அதிகம் எடுக்கிறார்கள்.