கேம் ஓடும், செட்டப்தான் ஓடாது: பழைய சிடிக்களோடு சில வருட அனுபவம்

புது லேப்டாப்பில் பழைய கேம் ஏறுமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கேமைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கடலூரில் எங்கள் வீட்டில் வருடக்கணக்காக இதையே நோண்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கேம் மேல் தப்பு இருப்பது அபூர்வம். அதை உள்ளே கொண்டுவரும் செட்டப், காப்பி எடுக்காமல் இருக்க அதற்குப் போட்ட பூட்டு, அது குடியிருக்கும் சிடி, இவைதான் தகராறு செய்யும்.

முதலில் செட்டப். தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த பல கேம்கள் 32 பிட்தான் (16, 32, 64 பிட் என்பது புரோகிராமின் தலைமுறை மாதிரி, எண் சிறிதானால் பழசு). இன்றைய விண்டோஸில் அவை ஓடுவதற்குத் தடை இல்லை. ஆனால் அவற்றில் நிறைய கேம்களுக்கு செட்டப் புரோகிராம் மட்டும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் சமாச்சாரம் எதையும் தொடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். செட்டப்பை டபுள் கிளிக் செய்ததும் 'இந்த கம்ப்யூட்டரில் இது இயங்காது' என்று ஒரு பெட்டி வரும். அதோடு முடிந்தது என்று சிடியைத் தூக்கிப்போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

போடாதீர்கள். சிடியைத் திறந்து பாருங்கள். சிலவற்றில் கேம் கோப்புகள் சுருக்கப்படாமல் அப்படியே கிடக்கும். போல்டரோடு காப்பி செய்தால் வேலை முடிந்தது. ரோடு ராஷ் நம்மூரில் பென் டிரைவ் பென் டிரைவாகப் பரவியது இப்படித்தான், அதை முறையாக இன்ஸ்டால் செய்து ஆடியவரை நான் பார்த்ததே இல்லை. கோப்புகள் சுருக்கிக் கட்டியிருந்தால் ஓடிவிடிஎம் என்ற சின்ன இலவசக் கருவி இருக்கிறது. செட்டப் கோப்பை இழுத்து அதன் மேல் போட்டால், 64 பிட் விண்டோஸிலேயே அந்தப் பழைய செட்டப் எழுந்து நடக்கும். இதில் ஒரு வேடிக்கை, 64 பிட் லினக்ஸில், விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற கருவி போட்டிருந்தால் 16 பிட் விண்டோஸ் புரோகிராம்கள் அதில் ஓடும். விண்டோஸே கைவிட்ட பிள்ளையை லினக்ஸ் வளர்க்கிறது.

எப்படி ஏற்றினாலும் புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் கால கேம்கள் சேவ் கோப்பைத் தன் போல்டரிலேயே எழுதும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு அந்த இடத்தில் எழுத விண்டோஸ் சுலபத்தில் விடாது. சி டிரைவில் தனியாக 'கேம்ஸ்' என்று ஒரு போல்டர் போதும்.

பூட்டு விவகாரம் இன்னும் சுவாரசியம். சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பு முறை விண்டோஸுக்குள் இருந்த ஒரு டிரைவரை (உள்ளே ஓடும் துணைப் புரோகிராம்) நம்பி வேலை செய்தது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. அதே வருடம் செப்டம்பர் அப்டேட்டில் பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது. விளைவு, காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடி இன்று ஓடாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிளாட்பாரத்தில் வாங்கிய, பூட்டு உடைத்த காப்பி ஜோராக ஓடும். நியாயமாக வாங்கியவனுக்குத் தண்டனை! அதற்காக நெட்டில் கிடைக்கும், பூட்டை உடைக்கும் கிராக் கோப்புகளைக் கண்ணை மூடி இறக்காதீர்கள், பாதி வைரஸ். 2008 முதல் பழைய கேம்களைப் பூட்டு இல்லாமல் விற்கும் ஜிஓஜி தளத்தில் தள்ளுபடி நேரத்தில் பார்த்து வாங்கிவிடுவேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம் என்றால், அதை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே கட்டித் தருகிறார்கள்.

மூன்றாவது, சிடி. தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பு கேட்டை என்ன செய்யும் என்று தெரியும். மலிவு சிடிக்களும் தப்பவில்லை. மேல்பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகளாகத் தெரிகிறது. படிக்கிற நிலையில் இருக்கும்போதே யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி இமேஜ், அதாவது சிடியின் முழு நகலை, ஒரு கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். அதை ஐஎஸ்ஓ என்ற வடிவத்தில் எடுத்தால் பாட்டு போய்விடும் என்பதைக் கவனிக்கவும். 1996-ல் வந்த குவேக் மாதிரி கேம்களில் இசை, சாதாரண ஆடியோ சிடி டிராக்காகத்தான் இருக்கிறது. பின்-க்யூ என்ற இன்னொரு வடிவத்தில் எடுத்தால்தான் அதுவும் வரும்.

ஏறியாகிவிட்டது, திரை கருப்பாக நிற்கிறது என்றால் டிஜிவூடூ என்ற கருவி. என் நீண்டநாள் பரிசோதனையில் முழு மார்க் இதற்கு மட்டும்தான். அதன் டிஎல்எல் கோப்புகளை கேம் போல்டரில் போட்டால், கேம்கள் படம் வரையச் சொல்லிப் பேசும் பழைய டைரக்ட்எக்ஸ், கிளைட் பேச்சையெல்லாம் இன்றைய கிராபிக்ஸ் சிப்புக்குப் புரிகிற டைரக்ட்3டி 11 ஆக மாற்றிக் கொடுக்கும். சில ஆன்டிவைரஸ்கள் அதைப் பார்த்துக் குரைக்கும், அது ஒன்றுதான் குறை. பழைய விண்டோஸ் மாதிரி நடிக்க விண்டோஸே தரும், எல்லாரும் முதலில் சொல்லும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்'? 256 நிறம், 640-480 திரை அளவு என்று டிக் அடிக்க உதவும். மற்றபடி சாமி கும்பிட்ட மாதிரிதான், மனசுக்கு ஒரு திருப்தி.

டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் போதும், அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வேகம் தாறுமாறாக இருந்தால் கன்ட்ரோலோடு எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். அக்கா மகன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல சேவ் பாயின்ட் எங்க?" என்று கேட்டான். "ஒரு மணி நேரம்தான்டா கெடு, அதுக்குள்ள முடி" என்றேன். பத்து நிமிடத்தில் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு ஆடுவதை நான் விட்டுவிட்டேன். 2டி கேமுக்குச் சரி, 3டி என்றால் நொண்டும். அதைவிட, அக்கா மகனுக்கு வந்த அரசு இலவச லேப்டாப் மூலையில் கிடந்தது. அதில் 32 பிட் விண்டோஸ் 7 ஏற்றினேன். 16 பிட் செட்டப்கள் கேள்வி கேட்காமல் ஓடுகின்றன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் மட்டும் தண்ணீரும் புல்லும் ஊதாவும் சிவப்புமாகக் கலங்கும்; டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடினால் நிறம் சரியாகிறது. நெட்டோடு மட்டும் அந்த மெஷினை இணைப்பதில்லை.

லேனில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில், இருவர் ஆடுவது இன்னும் இழுபறி. விஸ்டாவிலிருந்து, பழைய கேம்கள் நெட்வொர்க்கில் பேசப் பயன்படுத்திய ஐபிஎக்ஸ் முறை கிடையாது, அது மட்டுமே தெரிந்த கேம்களுக்கு ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற இடைக்கருவி வேண்டும். ஒரே வைஃபையில் இரண்டு லேப்டாப் வைத்து ஆடினால் வேலை செய்கிறது. புதுச்சேரியில் இருக்கும் தம்பியோடு நெட் வழியாக ஆட முயன்றால் பாதி ஆட்டத்தில் ஒருவர் காணாமல் போகிறோம். இதற்கு யாரிடமாவது நிலையான வழி இருந்தால் சொல்லுங்கள், தீபாவளிக்குள் ஒரு ரேஸ் பாக்கி இருக்கிறது.